நாலு துண்டுத் தரை

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால், அவரைத் தங்களில் ஒருவராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். டைல்ஸ் பதிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கிய பெண்மணிக்கு ‘மூலைமட்டம்’ என்று பெயர். ஐம்பதை நெருங்குகிற வயது. முழங்கால்களில் ரப்பர் பட்டை, காதுக்கு மேல் செருகிய தச்சுப் பென்சில், இடுப்பில் அளவு நாடா. ஒரு மயிரிழை கோணினாலும் பதித்ததைப் பெயர்க்கச் சொல்லிவிடுவார். திட்டமாட்டார். அந்த டைல்ஸை ஒரு விரலால் தொட்டுவிட்டு நகர்ந்து போவார், அவ்வளவுதான். தொடப்பட்ட டைல்ஸுக்குச் சொந்தக்காரன் முகம் தொங்கிப்போகும்.

அதே கட்டடத்தில் பொருள் கணக்குப் போடுகிற பெண் என்ஜினியருக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் அவள் ‘மேடம்’தான். அவளுக்கு மூலைமட்டம் வேறு யாரும் இல்லை, சொந்த நாத்தனார். கணவனுக்கு உடன்பிறந்த அக்கா. ‘அண்ணி’ என்று கூப்பிடுவாள். கூப்பிடுவதோடு சரி. இருவருக்கும் சண்டை கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. பார்த்தால் சிரிப்பு, பிரிந்தால் மறப்பு.

நாத்தனார் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தேறவில்லை. மூன்று முறை எழுதியும் தேறவில்லை. அது அந்தக் குடும்பத்தில் பழைய வேடிக்கை. பஸ் ஓட்டுகிற தம்பி, கல்யாணமான புதிதில் மனைவியிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான். “எங்க வீட்டுல கணக்குக்கு ராசி இல்லைன்னு இருந்தோம், அதான் உன்னைக் கொண்டுவந்தோம்” என்பான். அவளுக்கும் அது கேட்க நன்றாகத்தான் இருந்தது. எண்ணோடு பழகுகிறவள் தான் ஒருத்திதான் என்கிற நினைப்பு உள்ளூர ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

கட்டிக்கொண்டிருந்தது ஒரு மருத்துவமனையின் புதுப் பகுதி. அதில் ஒரு நீளக் கூடம். விபத்தில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் மறுபடி நடக்கப் பழகுவதற்கான இடம். முதல் வரைபடத்தில் அகலம் பன்னிரண்டு மீட்டர், நீளம் இருபது. தளமெல்லாம் போட்டு முடிந்த பிறகு மருத்துவமனைக்காரர்களுக்கு மனம் மாறியது. சுவர் எழுப்பும் முன்பே அகலத்தில் இரண்டு மீட்டரும் நீளத்தில் மூன்று மீட்டரும் கூட்டிக் கேட்டார்கள். ஒரு பக்கமும் ஒரு கோடியும் புதிதாகத் தளம் போட்டு, சுவரைத் தள்ளிக் கட்டினார்கள்.

டைல்ஸுக்கு ஆர்டர் அனுப்பியது என்ஜினியர்தான். கம்ப்யூட்டரில் ஒரு படிவம் இருக்கும். நீளம், அகலம் கொடுத்தால் அதுவே பெருக்கிக்கொள்ளும். பன்னிரண்டு, இருபது ஏற்கனவே ஏறியிருந்தது. இருநூற்று நாற்பது சதுர மீட்டர். அதற்குக் கீழே ‘கூடுதல்’ என்று ஒரு வரி, அதிலும் நீளத்துக்கு ஒரு கட்டம், அகலத்துக்கு ஒரு கட்டம். அன்றைக்கு அவளுக்கு ஆறு அறைகளின் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது, போதாததற்குப் போன் வேறு. கூடுதல் நீளம் மூன்று, கூடுதல் அகலம் இரண்டு என்று தட்டிவிட்டாள். கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை; ஆறு என்று போட்டது. ஆக மொத்தம் இருநூற்று நாற்பத்தாறு. உடைசலுக்குப் பன்னிரண்டு சேர்த்து இருநூற்று ஐம்பத்தெட்டு பெட்டி, பெட்டிக்கு ஒரு சதுர மீட்டர். சந்தன நிறம், வழுக்காத மேற்பரப்பு. அனுப்பிவிட்டு மறந்துபோனாள்.

பெட்டிகள் வந்து இறங்கிய மறுநாள் காலை, திறப்பு நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, நாத்தனார் கூடத்துக்குள் வந்தார். வந்ததும் வேலையைத் தொடங்கவில்லை. வாசலில் நின்று சுவர் ஓரமாக அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். மறுபடி பெட்டிகளை.

“மீதி எப்ப வருது?” என்று கேட்டார்.

மீதி என்று ஒன்றும் இல்லை, இவ்வளவுதான் என்றாள் என்ஜினியர். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, உடைசலுக்கும் சேர்த்தே இருக்கிறது என்று படிவத்தை எடுத்துக் காட்டினாள். குரலில் கொஞ்சம் மிடுக்கு இருந்ததை அவளே பிறகு ஒப்புக்கொண்டாள். வேறு ஆளாக இருந்தால் பொறுமையாகப் பேசியிருப்பாள். நாத்தனார் என்பதால்தான், அதுவும் மூன்று முறை கணக்கில் விழுந்த நாத்தனார் என்பதால்தான் அந்த மிடுக்கு.

நாத்தனார் படிவத்தை வாங்கவில்லை. நூலைக் கொண்டுவரச் சொன்னார். பழைய தளம் காய்ந்து கருத்திருந்தது. புதிதாகப் போட்டது வெளுப்பாக, சட்டைக்கு ஒட்டுப்போட்ட மாதிரி தனியாகத் தெரிந்தது. பழைய தளத்தின் நீள விளிம்பில் சுண்ணப் பொடி தடவிய நூலைப் பிடித்து, அதைக் கோடிச் சுவர் வரைக்கும் இழுத்துச் சுண்டினார். பிறகு அகல விளிம்பில் பிடித்து, பக்கச் சுவர் வரைக்கும் இழுத்துச் சுண்டினார். இரண்டே கோடு. கூடம் நான்கு துண்டாகப் பிரிந்து கிடந்தது.

“இங்க வா” என்று கூப்பிட்டு, முதல் துண்டின் நடுவில் நின்றார். “இது பழைய கூடம். இதுக்கு வாங்கியிருக்கே.” அங்கிருந்து நேராக அறையின் தூர மூலைக்கு நடந்தார். இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர் இருக்கும் சின்னத் துண்டு. “இதுக்கும் வாங்கியிருக்கே.” பிறகு பக்கவாட்டில் கிடந்த நீளப் பட்டையையும், கோடியில் கிடந்த குறுக்குப் பட்டையையும் கையால் காட்டினார். “இந்த ரெண்டு பேருக்கும் யாரு வாங்குறது?”

என்ஜினியர் நான்கு துண்டையும் ஒருமுறை பார்த்தாள். பதினான்கை இருபத்து மூன்றால் மனசுக்குள் பெருக்கினாள். முந்நூற்று இருபத்திரண்டு. உடைசலுக்கு வாங்கியதை விட்டால் கையில் இருப்பது இருநூற்று நாற்பத்தாறு. எழுபத்தாறு சதுர மீட்டர் குறைகிறது. பக்கத்துப் பட்டை நாற்பது, கோடிப் பட்டை முப்பத்தாறு. சரியாக அதே எழுபத்தாறு.

அவள் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அடைப்புக்குறிக்குள் இரண்டு, பக்கத்து அடைப்புக்குறிக்குள் இரண்டு. இந்தப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் பெருக்க வேண்டும். பங்கீட்டுப் பண்பு. பள்ளிக்கூடத்திலேயே தலைகீழாகச் சொல்லுவாள். தேர்வுத்தாளில் ஒருநாளும் தப்பவிட்டதில்லை. தேர்வுத்தாளில் வந்தால்தானே அதற்குப் பெயர் எழுதியிருக்கும். இங்கே அது பெயர் எழுதாமல் தரையாகக் கிடந்தது, அவள் அதை மிதித்துக்கொண்டே போய்வந்துகொண்டிருந்தாள்.

கணக்கு நோட்டை எடுத்து, இரண்டு அடைப்புக்குறி போட்டு, பன்னிரண்டு கூட்டல் இரண்டு, இருபது கூட்டல் மூன்று என்று எழுதி, தான் எங்கே தப்பு பண்ணினாள் என்று காட்டினாள். முதலையும் முதலையும் பெருக்கி, கடைசியையும் கடைசியையும் பெருக்கிவிட்டு, நடுவில் இருந்த இரண்டையும் விட்டுவிட்டாள். நாத்தனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தார்.

“இது அந்தச் சனியனா? பள்ளிக்கூடத்துல என்னை மூணு வருஷம் அழவச்சது?”

அதேதான் என்றாள் இவள்.

“அப்ப ஏபிசிடின்னு போட்டு என்னமோ சொன்னாங்க, தலையில ஏறலை. இது தரைன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா நான் பாஸாகியிருப்பேன்.” அதைக் குறையாகச் சொல்லவில்லை, புது ஊர் ஒன்றில் பழைய தெரிந்தவரைப் பார்த்த மாதிரி சொன்னார். பிறகு நோட்டில் விரலை வைத்தார். “இங்க பாரு. வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம். வாசல்ல ரெண்டு பேரு வர்றாங்க. நான் மூத்தவரை மட்டும் வாங்கன்னு சொல்லி, நீ சின்னவரை மட்டும் வாங்கன்னு சொன்னா ஆச்சா? நான் ரெண்டு பேரையும் கூப்பிடணும், நீயும் ரெண்டு பேரையும் கூப்பிடணும். நாலு வாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் முகத்தைத் தூக்கிக்குவாங்க.”

என்ஜினியர் சிரித்துவிட்டாள். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது அவளுக்கே ஆச்சரியம். பன்னிரண்டு வருடம் படித்த விதிக்கு இப்படி நாலே வரியில் யாரும் உயிர் கொடுத்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் பயம் திரும்பியது. தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். அந்தச் சந்தன நிறம் அடுத்த முறை சூளையில் ஏற மூன்று வாரம் ஆகும், ஏறினாலும் சாயல் ஒத்துப்போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். காண்ட்ராக்டரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்களேன் அண்ணி, உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று கெஞ்சினாள்.

நாத்தனார் தலையை ஆட்டினார். “நான் போய்ச் சொன்னா அது கோள். நீ போய்ச் சொன்னா அது கணக்கு. நீயே சொல்லு. ஆனா வெறுங்கையோட போகாத. கொஞ்சம் இரு.”

அப்புறம் அவர் செய்ததைத்தான் என்ஜினியர் பின்னால் பலரிடம் சொல்லிச் சொல்லி வியந்தாள். அடுத்த அறையில் புது நடைப்பயிற்சிக் கம்பிகளின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்த மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட்டை நாத்தனார் கையோடு அழைத்துவந்தார். குறை எதையும் சொல்லவில்லை. ஆட்கள் எந்த இடத்தில் நடப்பார்கள் என்று மட்டும் கேட்டார். பிசியோதெரபிஸ்ட் பக்கச் சுவரைக் காட்டினார். அந்தச் சுவர் நெடுகக் கைப்பிடி வரும், அதைப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்புவார்கள் என்றார். கோடியில் என்ன என்று கேட்டதற்கு, அங்கே நாற்காலிகள், சக்கர வண்டியைத் திருப்புகிற இடம் என்றார்.

“தரை எல்லாம் ஒரே நிறமா இருந்தா அவங்களுக்குத் தோதா இருக்குமா?” என்று கேட்டார் நாத்தனார்.

பிசியோதெரபிஸ்ட் கொஞ்சம் யோசித்தார். உண்மையைச் சொன்னால் தோதில்லை என்றார். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு ஒரு பக்கம் பார்வை மங்கும், எங்கே ஓரம் முடிகிறது என்று தெரியாமல் தடுமாறுவார்கள், பழைய கூடத்தில் தான் துணி நாடாவை ஒட்டி ஒட்டி அலுத்துப்போய்விட்டதாகச் சொன்னார். நடக்கிற பாதை மட்டும் அழுத்தமான நிறத்தில் இருந்தால் பெரிய உபகாரம், ஆனால் அதைக் கேட்டால் கிடைக்குமா என்று தெரியாமல் கேட்கவில்லை என்றார்.

நாத்தனார் என்ஜினியரைப் பார்த்தார். அவள் மறுபடி தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். அதே தொழிற்சாலையில் அதே கனத்தில் கருநீல டைல்ஸ் கையிருப்பு இருந்தது. எண்பத்திரண்டு பெட்டி போதும், மூன்றாம் நாள் வந்துவிடும்.

என்ஜினியர் காண்ட்ராக்டரின் அறைக்குத் தனியாகப் போனாள். தப்பை முதலில் சொன்னாள், வழியைப் பிறகு சொன்னாள், கண்டுபிடித்தது யார், வழி சொன்னது யார் என்பதையும் விடாமல் சொன்னாள். காண்ட்ராக்டர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்து நின்றாள்.

“பதிச்சு முக்கால்வாசி போன பிறகு தெரிஞ்சிருந்தா உங்களையும் என்னையும் சேர்த்து வெளிய தள்ளியிருப்பாங்க” என்றார் அவர். “அந்தப் படிவத்தை இன்னைக்கே மாத்துங்க. கூடுதல்னு ஒரு வரியே இருக்கக் கூடாது. மூலைமட்டத்தைக் கேக்காம இனிமே ஆர்டர் போகக் கூடாது.”

அன்று மாலை வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். மத்தியானம் போனில் பேசினேன், வேலை நடக்குதுன்னு மட்டும்தான் சொன்னா என்றான் அவன். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே, “நான் அந்தப் பத்தாம் வகுப்புக் கதையை இனிமே சொல்லலை” என்றான்.

மூன்றாம் நாள் கருநீலப் பெட்டிகள் வந்தன. அதிலும் ஒரு சோதனை காத்திருந்தது. நாத்தனார் ஒரு சந்தன டைல்ஸையும் ஒரு கருநீல டைல்ஸையும் முதுகோடு முதுகு ஒட்டி, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். கருநீலம் ஒரு மில்லிமீட்டர் குட்டை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நாற்பது டைல்ஸ் வரிசையாக இருபது மீட்டருக்கு ஓடும்போது, கடைசியில் நாலு சென்டிமீட்டர் பின்தங்கிவிடும். இரண்டு நிறத்தின் இடுக்குகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், பல்வரிசை கோணிய சிரிப்பு மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் அந்த நாலு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். நாலு சென்டிமீட்டரை ஒரே ஆள் தலையில் கட்டினால் அவன் தாங்குவானா, எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுங்கள் என்றார் நாத்தனார். சந்தன நிறத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் இடுக்கு, கருநீலத்துக்கு மூன்று. ஒவ்வொரு இடுக்கிலும் வைக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை அதற்கேற்ப மாற்றினார்கள். இருபது மீட்டரும் கோடு பிசகாமல் ஓடியது. என்ஜினியர் மண்டியிட்டு, கன்னம் தரையில் படும் அளவு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இடுக்குகள் ஒரே நேர்கோடாகக் கோடிச் சுவர் வரை போய்ச் சேர்ந்தன. எழுந்திருக்கும்போது அவளுடைய கன்னத்தில் சிமெண்டு. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

திறந்த பிறகு முதல் வாரத்தில் அவள் ஒரு கையெழுத்துக்காக அங்கே போக வேண்டியிருந்தது. கூடம் முழுக்கச் சந்தன நிறம், பக்கத்தில் நீளக் கருநீலப் பட்டை, கோடியில் குறுக்குப் பட்டை, அவை இரண்டும் சந்திக்கும் மூலையில் மறுபடி ஆறு பெட்டிச் சந்தனம். லாரி ஓட்டுநராக இருந்த ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கருநீலத்தில் நடந்துகொண்டிருந்தார். கண் தரையை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அடுத்த இடுக்கைக் குறிவைத்து வைத்தார். “ரோடு போட்டுக் குடுத்திருக்காங்க, ஓட்டவேண்டியது நம்ம வேலை” என்று பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிக்கொண்டே போனார். அவர் திரும்பி வரும்வரைக்கும் என்ஜினியர் அங்கேயே நின்றாள்.

அடுத்த வேலை ஒரு நூலகம். இப்போது வரைபடத்தை இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தார்கள், நாத்தனார் சிமெண்டு மூட்டை மேல், என்ஜினியர் கவிழ்த்துப் போட்ட வாளி மேல். வாசிப்பு அறை பதினைந்துக்குப் பத்து மீட்டர். ஆனால் ஒரு பத்து மீட்டர்ச் சுவர் நெடுக இரண்டு மீட்டர் அகலத்துக்கும், ஒரு பதினைந்து மீட்டர்ச் சுவர் நெடுக ஒரு மீட்டர் அகலத்துக்கும் அலமாரிகள் நிலையாக வரும். அதன் அடியில் டைல்ஸ் வேண்டாம்.

நாத்தனார் இப்போதெல்லாம் தானே எழுதிப் பார்க்க ஆசைப்பட்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, பதினைந்து கழித்தல் இரண்டு, பத்து கழித்தல் ஒன்று என்று இரண்டு அடைப்புக்குறிக்குள் எழுதினார். எழுத்து ஒழுங்காக, பதித்த மாதிரி இருந்தது. முழு அறை நூற்று ஐம்பது. ஒரு பட்டைக்கு இருபது போச்சு, இன்னொரு பட்டைக்குப் பதினைந்து போச்சு. நூற்றுப் பதினைந்து. அங்கே நின்றுவிட்டார்.

கடைசித் துண்டு பாக்கி, கழித்தல் இரண்டும் கழித்தல் ஒன்றும் என்று எடுத்துக்கொடுத்தாள் என்ஜினியர். கழித்தலும் கழித்தலும் பெருக்கினால் கூட்டல் என்று சொல்ல வாயெடுத்தவள், ஏன் என்று கேட்டால் தன்னிடம் பதில் இல்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினாள். அப்படித்தான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படித்தான் என்று இத்தனை வருடம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நாத்தனார் அவளைக் கேட்கவில்லை. வரைபடத்தில் அலமாரிகள் இரண்டும் சந்திக்கிற மூலையைப் பென்சில் முனையால் தட்டிக்கொண்டிருந்தார்.

“இந்த மூலையை இவன் கணக்குலயும் வெட்டிட்டேன். அவன் கணக்குலயும் வெட்டிட்டேன். ஒரே இடத்தை ரெண்டு தடவை எடுத்தா எப்படி? ஒண்ணைத் திருப்பிக் குடுத்தாகணும்.” நூற்றுப் பதினைந்துக்குப் பக்கத்தில் கூட்டல் போட்டு இரண்டு என்று எழுதினார். “நூத்திப் பதினேழு. சரியா?”

பதின்மூன்றை ஒன்பதால் பெருக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் என்ஜினியர் பெருக்கிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். பள்ளியில், கல்லூரியில், வேலையில் ஆயிரம் முறையாவது போட்டிருப்பாள் அந்தக் கூட்டல் குறியை. அது எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்குத்தான், ஒரு சிமெண்டு மூட்டைக்கு எதிரே, வாளி மேல் உட்கார்ந்து பார்த்தாள்.

“அண்ணி, இதை எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை” என்றாள்.

“நீ கேட்டிருக்கமாட்டே, பாஸாயிட்டே இருந்தே” என்றார் நாத்தனார். கிண்டல் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, உடைசலுக்கு ஆறு பெட்டி சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கலவையில் தண்ணீரை அதிகம் ஊற்றிக்கொண்டிருந்த ஆளை நோக்கி வேகமாகப் போனார்.